கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்: மோரிப், கேரித் தீவுப் பக்கம் நண்டு பார்ப்பது எப்படி

மலேசியாவில், சிலாங்கூர் கடற்கரையில், பந்திங்கிலிருந்து மோரிப் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். தோட்டத்துப் பிள்ளைகளில் அங்கே போகாத பிள்ளை இருக்காது, ஆனால் அங்கே என்ன நண்டு இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் "வெறும் சேறுதான் இருக்கு" என்பார்கள். விஷயம் என்னவென்றால் எல்லாரும் தங்களுக்குத் தோதான நேரத்தில் போகிறார்கள், கரை விளிம்பு வரை தண்ணீர் நிற்கும்போது போய் நின்று, கெரொப்போக் தின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நண்டுகள் வளை வாயைச் சேற்றால் அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். நீங்கள் கடல் பார்க்கப் போகவில்லை, கடல் விட்டுப்போன தரையைப் பார்க்கப் போகிறீர்கள். அதனால் முதல் வேலை ஓத நேரம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், பார்ப்பது.

மலாக்கா நீரிணையின் இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வற்றும், மறுநாள் அதே வற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அதற்கடுத்த ஓரிரு நாளும் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. போர்ட் கிள்ளானில் அந்த நாள்களில் இரண்டுக்கும் நடுவே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அஷ்டமி பக்கம் தண்ணீர் அவ்வளவாக ஏறவும் செய்யாது, வற்றவும் செய்யாது. ஆக வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. நம்முடைய விடுமுறைகள் பலவும் நிலாவை வைத்து வருபவை. தீபாவளி அமாவாசையை ஒட்டி, தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி, சீனப் புத்தாண்டு அமாவாசையில், நோன்புப் பெருநாள் புதுப்பிறை கண்டபின். எனவே குடும்பத்தோடு போக நேரம் கிடைக்கும் நாள்களில் வற்றமும் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி வற்றம் நடுப்பகல் பன்னிரண்டு மணியை ஒட்டி வருகிறது. உச்சி வெயிலில் நிழலே இல்லாத சேற்று வெளியில் பிள்ளைகளை நிறுத்தினால் அரை மணி நேரத்தில் அழுகை தொடங்கிவிடும். ஆகவே என்னைக் கேட்டால் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மூன்று நாள் முந்திப் போங்கள், வற்றம் காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் கிடைக்கும். இல்லையா, நான்கு நாள் பிந்திப் போங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கிடைக்கும். இது கைக்கணக்குதான். கிளம்புவதற்கு முன் போனில் போர்ட் கிள்ளான் ஓத அட்டவணையைத் திறந்து அன்றைய சரியான நேரத்தைப் பார்த்துவிடுங்கள், 'ஆயர் சூரூட்' என்று போட்டிருக்கும் நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் இருக்க வேண்டும்.

காலுக்கு என்ன போடுவது? சிலிப்பர் வேண்டவே வேண்டாம், முதல் பத்து அடியிலேயே சேறு அதைப் பிடுங்கிக்கொள்ளும். வெறுங்காலும் வேண்டாம், உடைந்த சிப்பி கத்தி மாதிரி வெட்டும். பால் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணி, அதுதான் 'கம்போங் அடிடாஸ்', சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும், இதற்கென்றே செய்தது போல இருக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, நிறையத் தண்ணீர். அலையாத்திக் காட்டுப் பக்கம் போவதாக இருந்தால் பூச்சித் தைலம் கட்டாயம், அங்கே கொசுவை விட ஆகாஸ் என்கிற பொடிப்பூச்சிதான் தொல்லை, கண்ணுக்கே தெரியாது, கடித்த இடம் இரண்டு நாள் அரிக்கும். முக்காலி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சின்னப் பிளாஸ்டிக் முக்காலி போதும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இருநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

சேற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோரிப் கரை மேலே பார்த்தால் மணல், உறுதியாக இருக்கும், கொஞ்சம் கீழே இறங்கினால் கதை மாறிவிடும். 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படை இதே மோரிப் கரையில்தான் வந்து இறங்கியது, மேலே மணலைப் பார்த்து நம்பி வண்டிகளை இறக்கினார்கள், வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. ராணுவத்துக்கே அந்த நிலைமை. அதனால் ஒரே விதி: கணுக்காலுக்கு மேல் இறங்கினால் அந்தப் பக்கம் போகாதீர்கள், வந்த தடத்திலேயே திரும்புங்கள். மாட்டிக்கொண்டால் காலை நேராக மேலே இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க உறிஞ்சும். பின்பக்கம் உட்காருகிற மாதிரி சாய்ந்து உடம்புப் பாரத்தைப் பரப்பி, பாதத்தை முன்னும் பின்னும் அசைத்துத் தண்ணீர் உள்ளே போக விட்டு, மெதுவாக உருவுங்கள். உடை நாறும், பரவாயில்லை. அப்புறம் தண்ணீர் திரும்பும் நேரம்: தட்டையான கரை என்பதால் ஏற்றம் முன்னாலிருந்து மட்டும் வராது, உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஓடைகள்தான் முதலில் நிரம்பும். வற்றம் முடிந்து அரை மணிக்குள் மேலே ஏறிவிடுவது என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது நண்டு. நீங்கள் நடந்து போகும்போது தரை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும், ஒரு நண்டும் தெரியாது. பலரும் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள், ஓட்டையைக் குச்சியால் குத்துவது, தோண்டுவது, துரத்துவது. எதுவும் வேண்டாம். ஓட்டைகள் நெருக்கமாக இருக்கும் இடமாகப் பார்த்து முக்காலியைப் போட்டு உட்காருங்கள், அசையாமல். பேசலாம், மெதுவாக, கையை ஆட்டக் கூடாது. ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் தூரத்து ஓட்டையில் ஒரு ஜோடிக் கண் எட்டிப் பார்க்கும், காம்பு மேல் நிற்கிற கண், பிறகு பக்கத்து ஓட்டையில், பிறகு உங்கள் காலுக்கு ஒரு முழத்தில். பத்து நிமிடத்தில் தரை முழுக்க நடமாட்டம்.

உட்காரச் சொல்வதற்குக் காரணம் அந்தக் கண்ணில்தான் இருக்கிறது. இவை பிடில் நண்டுகள், ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டு, மலாய்க்காரர்கள் கெத்தாம் ரெபாப் என்பார்கள். தட்டையான சேற்றில் வாழ்வதால் தன் கண் மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு அசைவது எதுவோ அது எதிரி, கண் மட்டத்துக்குக் கீழே அசைவது இன்னொரு நண்டு, அவ்வளவுதான் அதன் கணக்கு. நின்றால் நீங்கள் வானத்தை மறைக்கிற ஒரு பெரிய எதிரி. உட்கார்ந்தாலும் எதிரிதான், ஆனால் அசையாத எதிரியைச் சீக்கிரமே மறந்துவிடும்.

பெரிய கை ஆணுக்கு மட்டும். உடம்பு எடையில் பாதியை நெருங்கும் அளவுக்கு அந்த ஒரு கையே இருக்கும். சாப்பாட்டுக்கு அது ஒன்றுக்கும் உதவாது, ஆண் பாவம் ஒற்றைச் சின்னக் கையால்தான் சேற்றை அள்ளி அள்ளி வாயில் வைக்கும், பெண் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அள்ளும். பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள், ஒரு நிமிடத்தில் ஆண் எத்தனை வாய், பெண் எத்தனை வாய் என்று எண்ணச் சொல்லுங்கள், சண்டை போடாமல் கால் மணி நேரம் போய்விடும். வாய்க்குள் போன சேற்றிலிருந்து நுண்ணிய பாசியையும் மக்கையும் வடித்து எடுத்துக்கொண்டு மீதியைச் சின்ன உருண்டையாகத் துப்பிவிடும். வளை தோண்டும்போது வெளியே தள்ளும் உருண்டை பெரிதாக இருக்கும். ஓட்டை வாசலில் எந்த உருண்டை கிடக்கிறது என்று பார்த்தால் உள்ளே இருப்பவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்துவிடும்.

பெரிய கை எதற்கு என்றால் பெண்ணைக் கூப்பிட, மற்ற ஆணோடு மல்லுக்கட்ட. தூக்கி ஆட்டுவதில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தாளம் உண்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இனம் இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஒன்று நேராக மேலே தூக்கும், இன்னொன்று பக்கவாட்டில் வளைத்துக்கொண்டு வரும். சண்டையில் அந்தக் கை போனால் மறுபடியும் முளைக்கும், ஆனால் சில இனங்களில் புதுக் கை பழையதை விட இலேசாக இருக்கும், பலமும் குறைவு. பார்வைக்குப் பெரிதாகத்தான் தெரியும், எதிரில் நிற்பவனுக்கு அந்த ரகசியம் தெரியாது. நம்ம ஊரிலும் அப்படி ஆட்கள் உண்டு, பெயர் வேண்டாம்.

வளையிலிருந்து இரண்டு அடி தள்ளிப் போன நண்டைப் பாருங்கள், உடம்பின் ஒரு பக்கம் எப்போதும் வளையை நோக்கியே இருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை நடந்த நடையை வைத்தே மனசில் கணக்குப் போட்டு வைத்திருக்கும், ஆபத்து என்றால் வளை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நேராக ஓடி உள்ளே விழும். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகள் நண்டைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், பின்பக்கமாக அதன் முதுகு ஓட்டைப் பிடித்து, கொஞ்சம் கடல் தண்ணீர் விட்ட டப்பாவில் போட்டு, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, எடுத்த அதே இடத்தில் விடுங்கள். ஐந்து அடி தள்ளி விட்டால் அதற்கு வீடு தெரியாது, அடுத்தவன் வளையில் நுழையப் போய் அடிவாங்கும். வீட்டுக்குக் கொண்டுபோவதெல்லாம் பேச்சே இல்லை, இரண்டு நாளில் செத்துவிடும்.

நண்டோடு சேர்ந்து சேற்றில் துள்ளுகிற மீனைப் பார்ப்பீர்கள், பெலாச்சாக். உடம்பில் பச்சை நீலப் புள்ளி தெளித்த மாதிரி இருப்பது ஒன்று, தலையை இடமும் வலமும் ஆட்டிச் சேற்றின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும், முதுகுத் துடுப்பைக் கொடி மாதிரி தூக்கித் துள்ளும். ஓடைக் கரையில் முக்கால் அடிக்கு மேல் நீளமாக, தவளை முகத்தோடு ஒன்று கிடந்தால் அது பெரிய இனம், நண்டையே பிடித்துத் தின்னும். இந்தப் பெரிய மீன் தன் வளைக்குள் வாய் வாயாகக் காற்றை அள்ளிக்கொண்டு போய் நிரப்பி வைக்கும், அடியில் இருக்கும் சேற்றுத் தண்ணீரில் மூச்சுவிடக் காற்று போதாது என்பதால்.

மணல் கலந்த மேல்பகுதியில் கடுகு, மிளகு அளவு உருண்டைகள் ஓட்டையைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி கிடக்கும். இது வேறு நண்டு, சுண்டுவிரல் நகம் அளவுதான். கோலத்தில் மிதிக்காமல் நில்லுங்கள், அது போதும், அடுத்த ஏற்றம் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

கரையில் நண்டு ஓடு கிடந்தால் செத்த நண்டு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முகர்ந்து பாருங்கள். நாற்றம் இல்லை, எடையே இல்லை, பின்பக்கம் மூடி திறந்த மாதிரி பிளந்திருக்கிறது என்றால் அது சட்டை கழற்றிப் போட்டது, ஆள் பின்பக்கமாக நழுவி வெளியே போய்விட்டார். இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். காலிச் சங்குகளைக் கொண்டுவராதீர்கள், துறவி நண்டுக்கு அதுதான் வீடு.

செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போகிறவர்களுக்கு இன்னொரு கூட்டம் கிடைக்கும். சைபீரியா பக்கமிருந்து குளிருக்குத் தப்பி வரும் கரைப்பறவைகள், மலாயில் கெடிடி என்று மொத்தமாகச் சொல்வார்கள். அதில் வளைந்த அலகோடு கோழி அளவில் ஒன்று இருக்கும், அந்த வளைவு பிடில் நண்டின் வளைக்குள் நுழைத்து இழுப்பதற்குச் சரியாக இருக்கும். கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பறவைகளைப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அலையாத்திக் காட்டுக்கு கெலானாங் போகலாம், இல்லையென்றால் கேரித் தீவு. கேரித் தீவில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம், கடலைத் தடுத்துக் கட்டிய கரைக்கு, அதாவது பண்டுக்கு, வெளிப்பக்கம்தான் காடு. தோட்டத்துச் சாலை தனியார் இடம், கேட்டில் காவலுக்கு ஜாகா இருப்பார், "அண்ணே, பிள்ளைங்களுக்கு நண்டு காட்ட வந்தோம், பண்டு வரைக்கும் போகலாமா" என்று கேட்டுவிட்டுப் போங்கள், வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். மா மேரி பழங்குடி மக்களின் கிராமங்களும் அந்தத் தீவில் இருக்கின்றன, அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் கேட்காமல் இறங்குவது மரியாதை இல்லை.

காட்டில் இடுப்பு உயரத்துக்கு, சில இடத்தில் ஆள் உயரத்துக்குச் சேற்று மேடுகள் தெரியும். கறையான் புற்று இல்லை அது. சேற்று இறால் இரவில் அடிச்சேற்றை மேலே தள்ளித் தள்ளிக் கட்டியது. ஆள் வெளியே வருவது அபூர்வம், மேட்டில் மற்ற நண்டுகள் குடியேறிவிடும். இதில் நம்ம பக்கத்துக்குப் பெருமை ஒன்று உண்டு, இந்தச் சேற்று இறாலில் ஒரு இனத்தை 2009-இல் புதியது என்று அறிவித்தபோது கெலானாங் பெயரையே வைத்தார்கள். விழுந்த இலையை இழுத்துக்கொண்டு வளைக்குள் போகும் நண்டு, நீல முகத்தோடு இருக்கும் நண்டு, தண்ணீர் ஏறும்போது மரத்தில் ஏறிக்கொள்ளும் நண்டு எல்லாம் இங்கேதான். மரம் ஏறுவதைப் பார்க்க மட்டும் கணக்கு தலைகீழ்: இருட்டின பிறகு, ஏற்றத்தில் போக வேண்டும், நடைபாலம் உள்ள இடமாக இருந்தால் மட்டும் போங்கள், டார்ச் லைட்டோடு.

கிளையில் கை வைக்கும் முன் பாருங்கள், அலையாத்தியில் விரியன் பாம்பு கிளையோடு கிளையாகச் சுருண்டிருக்கும். முதலைப் பலகை வைத்திருக்கும் ஓடைக்கரையில் உட்காராதீர்கள், அங்கே அசையாமல் உட்காரும் பாடம் செல்லாது. குரங்குகள் நண்டு தின்னும், உங்கள் ரொட்டி சானாயையும் தின்னும், பையை மூடி வையுங்கள்.

பெலாங்காஸ், அதாவது குதிரைலாட நண்டு, கிடைத்தால் அதிர்ஷ்டம். நண்டு என்று சொல்லிக்கொண்டாலும் அது சிலந்திக்குத்தான் கிட்டத்துச் சொந்தம், இரத்தம் நீலம். உலகத்தில் மொத்தம் நான்கு இனம், அதில் மூன்று மலேசியாவில் உண்டு. மல்லாந்து கிடந்தால் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், வால் கழன்றுவிடும், ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பி விடுங்கள். வாலைத் தொட்டுப் பார்க்கலாம், முக்கோணமாக விளிம்பு தெரிந்தால் கடற்கரை இனம், உருண்டையாக வழவழ என்று இருந்தால் அலையாத்தி இனம். இந்த இரண்டாவது இனத்தைத் தின்று செத்தவர்கள் உண்டு, பேத்தை மீனில் இருக்கும் அதே விஷம், எவ்வளவு வேக வைத்தாலும் போகாது. முட்டை ருசி என்று யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எந்த இனம் என்று உங்களுக்கும் தெரியாது, சமைத்தவருக்கும் தெரிந்திருக்காது.

கறி நண்டு பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அது பசாரில் வாங்குவது. அடிவயிற்று மூடி குறுகிக் கூம்பாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். அமாவாசை நண்டில்தான் சதை இருக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், நான் நாளைப் பார்ப்பதில்லை, அடிப்பக்கம் கால் முளைக்கும் இடத்தை அழுத்திப் பார்க்கிறேன், அமுங்கினால் அண்மையில் சட்டை கழற்றினது, உள்ளே தண்ணீர்தான். சேற்று நண்டு உயிரோடு இருந்தால் வாங்குங்கள், செத்ததை விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வயிற்றுக்கு வெளியே முட்டை சுமக்கும் பெண்ணை வாங்காதீர்கள்.

அடிபட்டால்: சேற்றுத் தண்ணீரில் செம்பிலாங் கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் வலி பொறுக்க முடியாது. கடித்து உறிஞ்சுவது, மஞ்சள் அப்புவது எல்லாம் வேண்டாம். தோல் வெந்துவிடாமல் தாங்கக்கூடிய அளவு சூட்டில் தண்ணீரில் அரை மணியாவது காலை முக்கி வையுங்கள், சூட்டுக்கு அந்த விஷத்தின் வீரியம் குறையும், வலி தணியும். சூட்டை அடிபடாதவர் கை விட்டுப் பார்க்கட்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. கரையோரக் கடையில் கேட்டால் சுடுதண்ணீர் தருவார்கள். பிறகு கிளினிக், முள் உள்ளே முறிந்திருக்கலாம். நண்டு கவ்வினால் இழுக்காமல் கையைத் தண்ணீரில் விடுங்கள், விட்டுவிட்டு ஓடிவிடும்.

கடைசியாக, கரைக் குழாயில் தண்ணீர் வரும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். வீட்டிலிருந்தே பெரிய பாட்டில்களில் தண்ணீரும் இரண்டு பழைய துண்டும் ஒரு சாக்குப் பையும் காடியின் பின்னால் வைத்துவிடுங்கள், சேறு காய்வதற்குள் காலணியைக் கழுவிப் பையில் போட்டுக் கட்டினால்தான் ஆச்சு. சீட்டில் அந்தச் சேறு ஒரு தடவை பட்டால் வாடை லேசில் போகாது.